அக்கா பக்கம் பிரேக் இல்லை

அத்தான் எனக்குத் தர வேண்டியிருந்த பாக்கி அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது. இதில் என் கூலி பாதிக்கும் குறைவு. மீதி எல்லாம் உதிரிபாகக் கடையில் என் பேரைச் சொல்லி நான் எடுத்து வந்த சாமான்களின் விலை. பில்லை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத காலத்தில் கடன் என்றால் எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஒவ்வொரு வரியும் கண்ணில் குத்தியது. டிஸ்க் இரண்டு, பூஸ்டர் ஒன்று, பம்பு ஒன்று, கேம்ஷாஃப்ட் ஒன்று. அந்தக் கடைசி வரியில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

அத்தான் என்றால் என் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். குழாய், பீங்கான் தொட்டி, சுவிட்ச், பல்பு என்று வீட்டுச் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறார். கடை ஊருக்குள், வீடு மேட்டுத் தெருவின் உச்சியில். வீட்டிலிருந்து சாலை வளைந்து வளைந்து இறங்கி, கடைசியில் நேராக ரயில்வே கேட்டில் போய் முட்டும். கேட்டுக்குச் சற்று முன்னால், சாலை ஓரத்தில் எங்கள் ஒர்க் ஷாப். தினமும் காலையில் அத்தானும் அக்காவும் அவருடைய பழைய காரில் இறங்கி வந்து, எங்களைத் தாண்டி, கேட்டைத் தாண்டிக் கடைக்குப் போவார்கள். கல்லாவில் உட்காருவது அக்காதான்.

வண்டி எங்கள் எல்லோரையும் விட மூத்தது. நீள மூக்கு, இரண்டே கதவு, முன்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும் பம்பர். அத்தான் அதை 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அவரு' என்பார். அவருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல, அவரு வெயில்ல நிக்க மாட்டாரு. அக்கா சிரித்துக்கொண்டே சொல்லுவாள்: "எனக்கு வீட்டுல ரெண்டு புருஷன்டா. ஒருத்தருக்குச் சோறு, ஒருத்தருக்குப் பெட்ரோல். ரெண்டு பேருக்கும் கோவம் மட்டும் ஒண்ணா வரும்."

பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, இரும்புக் கடையில் கிடைத்த பெரிய எஞ்சின் ஒன்றை வைத்தோம். அதற்குள் பந்தய வண்டிக்குப் போடுகிற கேம்ஷாஃப்ட். எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற, மேடு மேடாக இருக்கும் இரும்புத் தண்டு அது. மேடு உயரமானால் வேகத்தில் பலம் கூடும். ஆனால் வண்டி நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாது. தும்... தும்தும்... தும் என்று நொண்டும். பறை அடிப்பது போல நெஞ்சில் வந்து இடிக்கும். அந்த நொண்டல் சத்தம்தான் அத்தானுக்கு உயிர். கேட்டவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்காதவனை அவர் மனிதன் கணக்கில் சேர்க்கமாட்டார்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பவர் பிரேக் என்பது எஞ்சினின் மூச்சை நம்பியிருப்பது. பெடலுக்கு முன்னால் சட்டி அளவுக்கு ஒரு தகர டப்பா இருக்கும். அதுதான் பூஸ்டர். எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில் டப்பாவுக்குள் காற்று இல்லாமல் இருக்கும். நாம் பெடலில் கால் வைத்ததும் வெளிக்காற்று ஒரு பக்கமாக உள்ளே பாய்ந்து நம் காலோடு சேர்ந்து அழுத்தும். குழந்தை மிதித்தாலும் யானை மிதித்தது போல வண்டி நிற்கும். ஆனால் இந்த நொண்டி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பொக்கை வாய்க்காரர் குழல் வைத்து உறிஞ்சுவது போலத்தான் உறிஞ்சும். டப்பாவில் இருக்கிற சேமிப்பு இரண்டு மிதிக்குக் காணும். அடுத்த மிதி மரக்கட்டை.

அதனால் கரண்டில் ஓடும் சின்னப் பம்பு ஒன்று பொருத்தினேன். டப்பாவில் உறிஞ்சல் குறைந்தால் தானாக ஓடி நிரப்பும், நிறைந்ததும் நின்றுவிடும். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை வண்டி கேட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலுக்குள் திரும்பியது. அத்தான் இறங்கினார். அக்கா இறங்கவில்லை.

"மச்சான், பிரேக் சரியில்ல."

"என்ன பண்ணுது அத்தான்?"

"சில நேரம் கல்லு மாதிரி ஆயிடுது. சில நேரம் வெண்ணெய்."

"எந்த நேரம் கல்லு?"

"அதான் சொல்றேனே, சில நேரம்."

எங்கள் ஒர்க் ஷாப்பில் அடி வாங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவனைத் தகரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "சில நேரம்ங்கிறதுக்கு எங்ககிட்ட ஸ்பேர் இல்லண்ணே" என்றான். அத்தான் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். எஞ்சினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து, டப்பாவில் இருக்கிற சேமிப்பைத் தீர்த்தேன். பெடல் கல்லானது. காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு எஞ்சினை ஓட விட்டேன். பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் தானாக இறங்க வேண்டும். இறங்கியது. இறங்காமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோளாறு கையில் அகப்பட்டிருக்கும்.

உறிஞ்சல் அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தேன். பம்பு 'கொர்ர்' என்று ஓடி, முள்ளை மேலே ஏற்றிவிட்டு நின்றது. காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கிற வால்வும் நன்றாக இருந்தது. எஞ்சினுக்கும் பூஸ்டருக்கும் இடையில் போகிற ரப்பர் குழாய் உள்ளே உரிந்து அடைக்கிறதோ என்று சந்தேகம் வந்து, புதுசு போட்டேன். பிரேக் ஆயிலில் காற்று இருக்குமோ என்று அதையும் வடித்தேன். எல்லாம் சுத்தம். டாக்டரைக் கண்டதும் சரியாகிவிடுகிற காய்ச்சல் போல, ஒர்க் ஷாப்புக்குள் வந்ததும் அந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

வண்டியைத் துடைக்கும்போதுதான் பம்பரைப் பார்த்தேன். பளபளப்பின் நடுவில் விரல் நீளத்துக்குச் சிவப்புத் தீற்றல்.

"இது என்ன அத்தான், செவப்பா?"

"எங்க? அதுவா... கடையில எவனோ பெயிண்ட் டப்பாவ வெச்சு உரசிட்டான்."

அக்கா கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையின் முடிவில் ரயில்வே கேட்டின் கட்டை மேலே நிமிர்ந்து நின்றது. வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி அடித்த கட்டை.

வண்டி திரும்பவும் வந்தது. அதற்கப்புறமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் எதையாவது மாற்றினேன், ஒவ்வொரு தடவையும் பெடல் வெண்ணெயாக இருந்தது, நானே ஓட்டிப் பார்த்தபோதும் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போனது. பம்பரில் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழியும் வந்து சேர்ந்தது. தகரம் அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னான்:

"இது டப்பா உரசுனது இல்லப்பா. கட்டையில மோதுனது. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தா தண்டவாளம்."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டு என்ன பண்ற?"

"தேடுறேன்."

"வண்டிக்கு ஏதோ புடிச்சிருக்கு. நல்ல வேப்பிலக்காரனாப் பாரு."

நான் சிரிக்கவில்லை. அன்று முதல் காலையில் மேட்டிலிருந்து அந்தத் தும்... தும்தும் சத்தம் கிளம்பினாலே என் கை வேலையை விட்டுவிடும். ஸ்பேனரை நட்டில் மாட்டியபடியே நின்று கேட்பேன். முதல் வளைவு, அடுத்த வளைவு, பள்ளிக்கூட முக்கு, கடைசி இறக்கம். கேட் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். வண்டி எங்களைத் தாண்டி, தண்டவாளத்தில் தடதடத்து, அந்தப் பக்கம் போன பிறகுதான் மூச்சு கீழே இறங்கும்.

அடுத்த தடவை வண்டி வந்தபோது நான் பிரேக்கை விட்டுவிட்டு வண்டிக்கு உள்ளே பார்த்தேன். அத்தான் டீக்கடையில் இருந்தார். அக்கா வழக்கம் போல இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய காலடியில் கிடந்த ரப்பர் மிதியடியில் என் கண் நின்றது. ஓட்டுகிறவர் பக்கம் மிதியடி புதுசு மாதிரி இருந்தது. அக்கா பக்கத்து மிதியடியில், முன்னால், பலகையை ஒட்டி, குதிகாலும் விரலும் பதிந்து ரப்பர் தேய்ந்து பள்ளமாகக் கிடந்தது. செருப்பு இரண்டும் ஓரமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

"அக்கா, இங்க யாரு மிதிச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"பிரேக்குக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "என் பக்கம் பிரேக் இல்லன்னு தெரியும்டா. ஆனா கால் கேக்க மாட்டேங்குது. எறக்கம் வந்தா அதுவா போயி அழுத்துது."

"அத்தான்கிட்ட சொல்ல வேண்டியதுதானே, மெதுவாப் போங்கன்னு?"

"சொன்னா, 'உனக்கு அவரு மேல நம்பிக்கை இல்ல'ங்கிறாரு. வண்டிய நம்பலன்னா புருஷன நம்பலன்னு அர்த்தமாம்."

நான் கதவருகில் குந்தி உட்கார்ந்தேன். "அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. பிரேக் கல்லாகுற அன்னிக்கும் ஆகாத அன்னிக்கும் என்ன வித்தியாசம்? மழையா, வெயிலா, சீக்கிரம் கிளம்புனீங்களா, ஏதாவது?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் இல்லடா. எல்லா நாளும் ஒரே மாதிரிதான். பள்ளிக்கூட முக்குல பழைய கார் மேல கிறுக்குப் புடிச்சவங்க கூட்டமா நிப்பாங்கல்ல, அங்க மெதுவாப் போவாரு. கியர எடுத்துட்டு உருள விடுவாரு, சத்தம் நல்லாக் கேக்கணும்னு. அப்போ முட்டியால கீழ ஒரு தட்டு தட்டுவாரு. டிக்குன்னு கேக்கும்."

"எத தட்டுவாரு?"

"எனக்கு என்ன தெரியும்? முட்டியால இப்படி." தன் முட்டியை மேலே தூக்கிக் காட்டினாள்.

"அப்புறம் முக்கு தாண்டுனதும்?"

"திரும்பத் தட்டுவாரு."

"எப்பவுமா?"

"ஞாபகம் இருந்தா."

ஓட்டுகிறவர் பக்கம் போய், மல்லாக்கப் படுத்து, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்து டார்ச் அடித்தேன். அங்கே இருந்தது. படுக்கையறை விளக்குக்குப் போடுகிற தந்த நிறச் சுவிட்ச். அத்தான் கடைச் சாமான். விலை ஒட்டிய சீட்டுகூட உரிக்கவில்லை. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் போய், நான் பம்புக்கு இழுத்த ஒயரை நடுவில் வெட்டிச் சேர்ந்திருந்தன. அந்த ஒட்டு என் கை இல்லை. டேப்பை யாரோ ஆசையாக, கோணல்மாணலாகச் சுற்றியிருந்தார்கள்.

அத்தான் டீ வாசத்தோடு திரும்பி வந்தார். நான் சுவிட்ச்சைத் தொட்டுக் காட்டினேன். அத்தான் குனிந்து பார்த்தார். பிறகு, திருடி அகப்பட்ட பையன் முகத்தோடு, ஆனால் முதலாளிக் குரலில் சொன்னார்:

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல மச்சான்."

"பம்ப அணைச்சா பிரேக் இல்ல அத்தான். ரெண்டு மிதி. அவ்வளவுதான். அந்த ரெண்டையும் முக்குலயே உருட்டி உருட்டி மிதிச்சுத் தீத்துட்டு, வெறும் டப்பாவோட எறக்கத்துல எறங்குறீங்க. அதுவும் நியூட்ரல்ல."

"அந்தப் பம்பு சத்தம் உனக்குத் தெரியாது. முக்குல நிக்கிறப்ப ஒருத்தன் குனிஞ்சு கேட்டுட்டு, 'என்னங்க, வண்டிக்குள்ள வீட்டம்மா மிக்சி போடுறாங்களா'ன்னான். எல்லாரும் சிரிச்சானுங்க. இத்தனை செலவு பண்ணி, அவர இவ்வளவு அழகா ஆக்கி, கடைசியில மிக்சியா?"

"இங்க வரும்போது மட்டும் போட்டுட்டு வந்துடுவீங்க."

"நீ திட்டுவேன்னுதான்."

நான் மாதக்கணக்காகத் தேடியது ஒரு மனிதர் என்னிடம் திட்டு வாங்கக் கூச்சப்பட்டதைத்தான் என்று அப்போது புரிந்தது. தகரம் வாயைப் பொத்திக்கொண்டு ஷெட்டின் பின்பக்கம் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சுவிட்ச்சக் கழட்டிடுறேன்."

"இப்ப வேண்டாம்." அத்தான் என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். "கேளு. அவர வாங்க ஒருத்தர் வர்றாரு. வெளியூரு. நல்ல பசையுள்ள ஆளு. அந்தச் சத்தத்துக்காகவே வர்றாரு. போன்ல கேக்க வெச்சேன், மயங்கிட்டாரு. வீட்டுல வெச்சுப் பாத்துட்டு, நம்ம கூடவே உக்காந்து கடை வரைக்கும் ஒரு சுத்து வருவாரு. அந்த ஒரு சுத்துக்குப் பம்பு ஓடக்கூடாது. கை மாறுன அன்னிக்கே உன் பாக்கி மொத்தமும், ஒரு பைசா கொறையாம, உன் கையில."

"அக்கா?"

"அவ பக்கத்துல உக்காந்தாத்தான் குடும்ப வண்டின்னு மரியாதை. வாங்க வர்றவரு பின்னாடி உக்காந்துக்குவாரு."

அந்த வாரம்தான் உதிரிபாகக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், இனிமேல் உனக்குக் கடன் கிடையாது, பழையதைக் கட்டாவிட்டால் உன் முதலாளியிடம் பேச வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். முதலாளியிடம் பேசினால் என் வேலை போகும். தகரத்திடம் சொன்னேன்.

"ஒரு சுத்துதானேப்பா" என்றான் அவன். "இத்தனை நாள் ஒண்ணும் ஆகல. இன்னும் ஒரு நாள் ஆகாது. காச வாங்கிட்டுக் காலாட்டிட்டு உக்காரு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வாங்குகிறவர் வருவதற்கு முந்தின நாள், எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லி அத்தான் அதை ஷெட்டில் விட்டுப் போனார். சுவிட்ச்சைத் தொடாமல் ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த பலகையை மூடினேன். ஸ்க்ரூவை முறுக்கினேன். கையைத் துடைத்தேன். கதவைச் சாத்தும்போது அக்கா பக்கத்து மிதியடி திரும்பவும் கண்ணில் பட்டது. அந்தப் பள்ளத்தில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. குதிகால் இருந்த இடத்தில் ரப்பர் கிழிந்து அடியில் இரும்பு தெரிந்தது. எத்தனை காலை அவள் அங்கே அழுத்தியிருப்பாள்! ஒன்றும் ஆகவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஸ்க்ரூவைத் திரும்பக் கழற்றினேன். அத்தானின் இரண்டு ஒயர்களையும் வெட்டி எடுத்து, பம்பு ஒயரை நேராக ஒன்றோடொன்று முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டினேன். சுவிட்ச்சை இருந்த இடத்திலேயே விட்டேன். தட்டினால் டிக்கென்று கேட்கும். வேறொன்றும் நடக்காது. வெளியே அத்தானின் குரல் கேட்டது. அவசரமாக டேப்பைச் சுற்றிப் பலகையை மூடினேன். சாவியை வாங்கிக்கொண்டு, "அவரு ரெடியா?" என்றார்.

"ரெடி அத்தான்."

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"வெயில்."

மறுநாள் காலை நான் ஒரு வேலையும் செய்யவில்லை. செய்வது போல ஒரு சக்கரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒட்டு என் மனதை விட்டுப் போகவில்லை. ஈயம் ஆறும் வரை ஒயரை ஆட்டாமல் பிடித்திருந்தேனா? அத்தான் குரல் கேட்டபோது கை அசைந்ததா? ஒட்டு விட்டிருந்தால் பம்பு ஓடாது. ஓடாவிட்டாலும் அவர் கவனிக்கப் போவதில்லை. அணைத்துவிட்டோம் என்றுதானே நினைத்திருப்பார்.

மேலே சத்தம் கிளம்பியது. தும்... தும்தும்... தும். வெகுநேரம் அதே இடத்தில் நின்று அடித்தது. வந்தவருக்கு வாசித்துக் காட்டுகிறார். அப்புறம் நகர்ந்தது. வழக்கத்தைவிட வேகமாக இறங்கியது. வளைவுகளில் டயர் முனகுவது கேட்டது. பள்ளிக்கூட முக்கில் மெதுவானது. அங்கே யாரோ விசிலடித்தார்கள். பிறகு எஞ்சின் தாழ்ந்து நொண்டுவது மட்டும் கேட்டது. நியூட்ரல். கடைசி இறக்கத்தில் வண்டி தன் எடையில் தானே உருண்டு வந்துகொண்டிருந்தது.

கேட் மணி அடித்தது.

தகரம் சுத்தியலோடு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். கட்டை இறங்கத் தொடங்கியது. தூரத்தில் ரயில் கூவியது. நீள மூக்கு வளைவில் திரும்பி எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. முன் கண்ணாடிக்குள் அத்தானின் வெள்ளைச் சட்டை, பக்கத்தில் அக்காவின் முகம், பின்னால் ஒரு கருப்புக் கண்ணாடி. அக்கா சீட்டில் பின்னுக்குச் சாய்ந்து, கழுத்து நீண்டு இருந்தாள். அவள் கால் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வண்டியின் மூக்கு ஒரு தடவை தாழ்ந்தது. முதல் மிதி. நிமிர்ந்தது. கட்டை பாதி வந்துவிட்டது. திரும்பவும் தாழ்ந்தது, நிமிர்ந்தது. இரண்டு முடிந்தது. தகரம் என் முழங்கையைப் பிடித்தான். பிடித்தது வலித்தது. வண்டி எங்களைத் தாண்டியது.

மூன்றாவது தடவை மூக்கு தாழ்ந்தது. தாழ்ந்தபடியே இருந்தது. நான்கு டயரும் கத்தின. கட்டைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம் என்கிற இடைவெளியில் வண்டி நின்றது. சரக்கு ரயில் ஒன்று, முடிவே இல்லாமல், அவர்கள் முகத்துக்கு முன்னால் ஓடியது.

ரயில் போன பிறகும் வண்டி கேட்டைத் தாண்டவில்லை. பின்னால் எடுத்து, திரும்பி, எங்கள் வாசலுக்குள் வந்தது. கருப்புக் கண்ணாடிக்காரர்தான் முதலில் இறங்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பிரேக் பிரமாதங்க" என்றார். "ஆனா நான் சத்தத்துக்காக வந்தவன். மேல பானெட்டத் திறந்து பாத்தப்பவே, உள்ள கொசு கத்துற மாதிரி ஒரு பம்பு. எனக்கு ஒத்து வராது. மன்னிச்சுக்குங்க." அவர் சாலையோரத்தில் போன ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார். அவ்வளவுதான்.

அத்தான் கதவை ஓங்கிச் சாத்தினார்.

"என்னடா பண்ணி வெச்ச? நான் தட்டுறேன், தட்டுறேன், அது பாட்டுக்கு ஓடுது! அந்தாளு முன்னாடி என் முட்டிதான் வீங்குச்சு. எல்லாம் போச்சு. உன் பாக்கி, அறுபத்தோராயிரம், உன் கையாலயே போச்சு. இனிமே எங்கிட்டக் கேக்காத."

அக்கா இறங்கினாள். வெறுங்காலோடு வந்து, ஓரத்தில் கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்தாள். அவள் வலது கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தாள்.

"நீங்க எத்தனை தடவ மிதிச்சீங்க?" என்று கேட்டாள்.

"என்ன?"

"எறக்கத்துல. எத்தனை தடவ மிதிச்சீங்க?"

"யாரு எண்ணுனா?"

"நான் எண்ணுனேன். மூணு. நானும் மூணு தடவ மிதிச்சேன். உங்களுக்குப் புடிச்சுது. எனக்கு ஒண்ணும் இல்ல, வெறும் தகரம்."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு அக்கா பக்கத்துக் கதவு திறந்து கிடந்த இடத்தில், அந்த மிதியடியைப் பார்த்தார். அதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை போலிருக்கிறது. குனிந்தார். அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது. மூன்றாவது மிதி எதனால் பிடித்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பம்பரில் போய்க் கையை ஊன்றினார்.

"அவரு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"அத்தான்," என்றேன், "பாக்கிய நானே விட்டுடுறேன். பதிலுக்கு அந்தக் கேம்ஷாஃப்டக் குடுங்க. கழட்டிட்டுச் சாதா தண்டு போட்டுத் தர்றேன். எஞ்சினே நல்லா மூச்சு விடும். பம்பும் வேண்டாம், மிக்சியும் வேண்டாம்."

"சத்தம்?"

"போயிடும்."

அவர் நீண்ட நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் முடியாது என்று சொன்னால், நாளைக்கு வேறொரு ஒர்க் ஷாப்பில் வேறொருவன் அந்த இரண்டு ஒயரைத் திரும்ப வெட்டுவான். எனக்கு அதைத் தடுக்க வழி கிடையாது. அக்கா செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"கழட்டுற வரைக்கும் நான் நடந்தே வர்றேன்" என்றாள். "கல்லாச் சாவி இந்தாங்க. நீங்க முன்னாடி போங்க."

அவள் கேட்டைத் தாண்டி நடந்தாள். அத்தான் சாவியோடு நின்றார். பிறகு வண்டிச் சாவியை என் கையில் வைத்துவிட்டு, அவள் பின்னாலேயே நடந்தார்.

தண்டைக் கழற்றினேன். பழைய இரும்புக் கடைக்காரன் அதை அரைநாள் கூலிக்குக்கூட எடுக்க மாட்டேன் என்றான். அதை எடைக்குப் போட்டு, கிடைத்த காசையும் உதிரிபாகக் கடைக்காரரின் மேசையில் வைத்து, மீதியை மாதாமாதம் என் கூலியிலிருந்து கட்டுவதாகச் சொன்னேன். முதலாளியிடம் போகாமல் இருந்தால் போதும் என்றேன். சரி என்றார்.

இப்போது வண்டி இறங்கி வந்தால் தெரிவதே இல்லை. பள்ளிக்கூட முக்கில் யாரும் திரும்புவதில்லையாம். அத்தான் அதை 'வண்டி' என்று சொல்லத் தொடங்கிவிட்டார். புது மிதியடி ஒன்று வாங்கி அக்கா பக்கம் அவரே போட்டிருக்கிறார். ஆனால் அக்கா ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"சுவிட்ச்சு இல்லடா. ஒண்ணுமே இல்ல. இருந்தாலும் முக்கு வந்தா அவரு முட்டி மேல போகுது. என் கால் கீழ போகுது."

நானும் காலையில் அந்த நேரம் வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுகிறேன். சத்தம் இல்லாததால் வண்டி எங்கே வருகிறது என்று கேட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. போன மாதத்தோடு உதிரிபாகக் கடையில் கடைசித் தவணையும் கழிந்தது. கடைக்காரர் என் கணக்கின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, என்னையே வாசிக்கச் சொன்னார். 'தீர்ந்தது' என்று எழுதியிருந்தது.